இறங்காத கோடு

என் மேசைத் திரையில் ஒரு கோடு ஏறிக்கொண்டே இருந்தது. உற்றுப் பார்த்தால் அசையாது. கீழே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் கொஞ்சம் மேலே போய் உட்கார்ந்திருக்கும். ஜன்னலுக்கு வெளியே செண்பகத்தோப்பு மலை, உள்ளே இந்தக் கோடு. இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தே அந்த மாம்பழ சீசன் எனக்குக் கழிந்தது.

எங்கள் அலுவலகம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவாக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. அலுவலகம் என்பதெல்லாம் ஒரு மரியாதைக்குச் சொல்வதுதான். நான், என் கூட்டாளி ஃபரீதா, இரண்டு மேசை, ஒரு மின்விசிறி. கீழே விடிந்ததிலிருந்து பால் காய்ந்துகொண்டே இருக்கும். அந்த இனிப்பு ஆவி படியேறி வந்து அறையை நிறைத்துவிடும். மத்தியானமானால் கண் தானாகச் சொருகும். கொடுத்து வைத்தவர்கள் என்று பார்க்க வருகிறவர்கள் சொல்வார்கள். ஒரு வாரம் இங்கே உட்கார்ந்து பார்க்கட்டும், ஊறுகாய் மேல் எப்படி ஆசை வருகிறதென்று தெரியும்.

அந்தக் கோடு ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருக்கும் எங்கள் மாந்தோப்பிலிருந்து வருகிறது. தோப்பில் இருப்பவர் என் வீட்டுக்காரர். பெயர் உக்கிரபாண்டி. பெயரைக் கேட்டுவிட்டு ஆளைப் பார்க்க வருகிறவர்கள் ஏமாந்துதான் போவார்கள். எறும்பு போகட்டும் என்று தூக்கிய காலை வைக்காமல் நிற்கிற மனிதர். பட்டாளத்தில் பீரங்கிப் படையில் இருந்தார். பீரங்கிச் சத்தம் ஒரு காதை முழுசாகவும் இன்னொரு காதை முக்கால்வாசியும் வாங்கிக்கொண்டது. பென்ஷனோடு ஊர் திரும்பியவர் தோப்பே கதி என்று ஆகிவிட்டார். பழம் பழுக்கும் மாதங்களில் வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வந்துபோவார். மோட்டார் ரூமுக்கு முன்னால் ஒரு கட்டில், ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு, சுற்றிலும் சப்பட்டை மாமரமும் பஞ்சவர்ண மாமரமும். அதற்கு மேல் அவருக்கு எதுவும் வேண்டாம்.

பழம் பழுத்தால் மலையிலிருந்து யானை இறங்கும். ஒரு வருஷம் வேலியோடு போகும், ஒரு வருஷம் ஆளோடு போகும். காது கேட்கிறவனுக்கு ஒரு கிளை ஒடியும் சத்தம் போதும், எழுந்து ஓடிவிடுவான். இவருக்கு யானை தோளைத் தொட்டால்தான் தெரியும். காவலுக்கு இருக்கட்டும் என்று ஒரு வெள்ளை ராஜபாளையம் நாயைக் கொண்டுவந்து வைத்தார். அந்த வெள்ளை நாய்களில் சிலவற்றுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. இவர் தேடிப் பிடித்தது அப்படி ஒன்று. அந்த நாயும் இவரும் கட்டிலில் நிம்மதியாகத் தூங்கியதைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்குத்தான் நான் புரோகிராம் எழுத உட்கார்ந்தேன். நாயைத் தளவாய்புரத்தில் அவர் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிவைத்தோம்.

வேலை சிக்கலில்லாதது. வேலியோரத்து மரங்களில் கேமரா. மோட்டார் ரூமில் டிபன் பாக்ஸ் அளவுக்கு ஒரு கம்ப்யூட்டர். கேமரா அனுப்பும் படங்களைப் புரோகிராம் ஓயாமல் பார்த்துக்கொண்டிருக்கும். யானை தெரிந்தால் அவர் கையில் வாட்ச் மாதிரி கட்டியிருக்கும் பட்டை அதிரும். மலை மறைப்பதால் தோப்பில் போனுக்கு சிக்னல் கிடையாது. அதனால் மெஷினே பட்டையோடு நேரே ரேடியோவில் பேசும்படி வைத்திருந்தேன். பக்கத்துத் தோப்புக்காரர் பால்ச்சாமி அண்ணன் வீட்டிலிருந்து இன்டர்நெட்டுக்கு ஒரு வயர் இழுத்ததில், மெஷின் சுகமாக இருக்கிறதா என்று இங்கிருந்தே நான் பார்க்க முடிந்தது, யானைப் படங்களும் வந்து சேர்ந்தன. அந்த அண்ணனும் தன் தோப்புக்கு ஒன்று கேட்டு வாங்கி மாட்டிக்கொண்டார்.

மோட்டார் ரூம் சுவரில் ஒரு சின்னத் திரையும் உண்டு. வந்த யானையின் படம் அதில் நிற்கும். படத்துக்குக் கீழே 'நீக்கு' என்று ஒரு பொத்தான். பார்த்துவிட்டு அதைத் தொட்டால் படம் போய்விடும். தொடும்வரை அந்தப் படத்தைப் புரோகிராம் கையிலிருந்து விடக்கூடாது என்று கறாராக எழுதியிருந்தேன். பார்க்காமல் விட்ட யானைதான் ஆளைக் கொல்லும் என்பது என் பயம்.

பட்டையைக் கட்டிய பிறகு அவர் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டார். முன்பெல்லாம் நிமிஷத்துக்கு ஒருதரம் கழுத்தைத் திருப்பி மலையைப் பார்ப்பார். இப்போது மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சாவகாசமாகப் பழம் பிரிக்கிறார். ஏன் இப்படி என்று கேட்டால், "நீ பாத்துக்கிட்டு இருக்கேல்ல" என்பார். கேட்கும்போது சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் அன்றைக்குத் திரையை இன்னும் இரண்டு தரம் கூடுதலாகப் பார்ப்பேன்.

இப்போது கோட்டுக்கு வருகிறேன். ஓடுகிற எந்தப் புரோகிராமும் மெஷினிடம் மெமரியில் கொஞ்சம் இடம் வாங்கித்தான் வேலை செய்யும். வேலை முடிந்ததும் இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். எதையாவது கொடுக்காமல் பிடித்து வைத்துக்கொண்டால் அதற்குப் பெயர் மெமரி லீக். கோடு ஏறும், இறங்காது. இடம் தீர்ந்தால் மெஷின் திணறும், பிறகு அப்படியே உறைந்து நின்றுவிடும். கத்தாது, யாருக்கும் சொல்லாது. அவர் கையில் பட்டை சும்மா இருக்கும். பட்டை சும்மா இருந்தால் யானை இல்லை என்று அவருக்கு அர்த்தம்.

அதனால்தான் நான் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சோற்றைப் பிசையும்போதும் பார்த்தேன். ஃபரீதாவின் மகள் என்னைக் கோட்டு அத்தை என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

ஃபரீதா நிதானமானவள். வீடு எரிந்தாலும் முதலில் பால் அடுப்பை அணைத்தோமா என்று யோசிப்பவள். கோடு மேலே போனால் புரோகிராமை ஒருதரம் நிறுத்தி மறுபடி ஓடவிடலாம், லீக்கைப் பிறகு பொறுமையாகத் தேடலாம் என்றாள். அப்படியே செய்தோம். நிறுத்தி ஓடவிட்டால் கோடு தரைக்கு வரும். மறுநாள் மறுபடி ஏறத் தொடங்கும். இது வைத்தியமில்லை, காய்ச்சலுக்கு மாத்திரை போட்டு அனுப்புகிற வேலை என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒருமுறை அப்படி ஓடவிட்ட மறுநாள் தோப்புக்குப் போனபோது, திரையில் இருந்தவர்களை எல்லாம் காணோமே என்று என் வீட்டுக்காரர் கேட்டார். புதிதாக வருவார்கள், விடுங்கள் என்று சொல்லிவிட்டு நான் கேமரா வயரைச் சோதிக்கப் போய்விட்டேன்.

வேடிக்கை என்னவென்றால் லீக் தோப்பில் மட்டும்தான் இருந்தது. அதே புரோகிராம், அதே மாதிரி மெஷின், அதே யானைப் படங்கள். எங்கள் மேசையில் வைத்து ஓட்டினால் கோடு சமத்தாகப் படுத்துக் கிடக்கும். நானும் ஃபரீதாவும் முறை போட்டு உட்கார்ந்து, படம் வர வர நீக்கு, நீக்கு என்று தொட்டுத் தள்ளினோம். கோடு ஒரு மயிரிழை கூட ஏறவில்லை. தோப்பில் வைத்தால் ஏறுகிறது. வெயிலா, மலையிலிருந்து அடிக்கும் சாரலா, பல்லி முட்டையிட்டுவிட்டதா என்று எதையெதையோ சந்தேகப்பட்டோம். கேமரா கம்பெனிக்காரனை நான் போனில் வைத பேச்சை இங்கே எழுத முடியாது.

உள்ளே என்ன சேர்கிறது என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமின் மெமரியை அப்படியே ஒரு நகல் எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம். ஆனால் அந்தச் சின்ன மெஷினில் நகல் எடுத்து முடிக்கும்வரை வேறு வேலை நடக்காது. அவர் தோப்பில் இருக்கும்போது அதைச் செய்ய எனக்குத் தைரியமில்லை. வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தார். அன்றைக்கு எடுப்பது என்று முடிவு செய்தோம்.

அதற்கு முந்தின நாள் மத்தியானம் நான் மேசையிலேயே தூங்கிப்போனேன். கீழே பால் சுண்டுகிற வாசனை. கனவில் நான் அந்தக் கோட்டின் மேல் நடந்துபோகிறேன். அது மலைப்பாதையாக மாறி என்னைத் தோப்பில் கொண்டுபோய் விடுகிறது. தோப்பு நிறைய யானை. ஒவ்வொரு மரத்தடியிலும் நிற்கின்றன. எதுவும் தின்னவில்லை, எதுவும் அசையவில்லை. காது மட்டும் மெல்ல ஆடுகிறது. யாருக்காகவோ காத்திருக்கிற மாதிரி என்னைப் பார்க்கின்றன. மலையிலிருந்து இன்னும் வந்துகொண்டே இருக்கின்றன. வந்தவை நிற்கின்றன. போவது ஒன்றுமில்லை. நடுவில் அவருடைய கட்டில் கிடக்கிறது. அதைச் சுற்றி இடம் குறைந்துகொண்டே வருகிறது. எனக்குப் பயமில்லை, அதுதான் ஆச்சரியம். கோயிலுக்குள் நிற்கிற மாதிரி மனசு குளிர்ந்து கிடந்தது. யாராவது இவர்களைப் போகச் சொல்ல வேண்டுமே என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

ஃபரீதா தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏட்டி கார்த்தி, கோடு நின்னுருச்சு. எந்திரி."

கோடு உச்சிக்குப் போய் அங்கேயே அறுந்துபோயிருந்தது. காலையில் பார்த்தபோது இன்னும் ரெண்டு நாள் தாங்கும் என்று இருவரும் சொல்லியிருந்தோம். குட்டிகளோடு ஒரு கூட்டமே இறங்கி ஓடையோரம் நடந்திருக்கிறது. படம் படமாக வந்து குவிந்து மிச்சமிருந்த இடத்தையும் நிரப்பிவிட்டது. அதற்கெல்லாம் பட்டை அதிர்ந்திருக்கிறது; கூட்டம் தாண்டிப் போனதும் அவர் மறுபடி பழத்துக்கு உட்கார்ந்திருப்பார். எங்கள் பக்கம் வந்து சேர்ந்த கடைசிப் படம் பாதிதான் வந்திருந்தது. சாரல் மூட்டத்துக்கு நடுவில் ஒரு காது. தோப்புக்குள்ளே நிற்கிற யானையின் காது. அதற்குப் பட்டை அதிர்ந்ததா என்று பார்த்தேன். அதிரவில்லை. அதற்கு முன்பே மெஷின் உறைந்துவிட்டது.

இங்கிருந்து ஓடவிடப் பார்த்தேன். மெஷின் பதில் சொல்லவில்லை. போய் சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் உண்டு. பால்ச்சாமி அண்ணனுக்குப் போன் போட்டால், ஆலங்குளத்தில் ஒரு கல்யாண வீட்டில் பந்தியில் உட்கார்ந்திருக்கிறார். தோப்புப் பக்கம் யாருமே இல்லையம்மா, எல்லோரும் இங்கேதான் இருக்கிறோம் என்றார். நான் மறுபடியும் மெஷினை ஓடவிடப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஃபரீதாதான் ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள்.

அந்தப் பயணம் இப்போது நினைத்தாலும் தண்ணீருக்கு அடியில் நடந்த மாதிரி இருக்கிறது. ரோட்டில் எல்லோரும் மெதுவாக நகர்ந்தார்கள். லாரிக்காரர் டயரை உதைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பெண் கொடியிலிருந்து சேலையை உருவினாள். வலது பக்கம் மலை கூடவே வந்தது. வெயில் மலைக்குப் பின்னால் போய்விட்டதால் ரோடு முழுக்க நிழல், மலை உச்சியில் மட்டும் வெளிச்சம். ராஜபாளையத்துக்குள் மில் ஷிப்ட் விட்டு வந்த கூட்டம் வழியை அடைத்து நின்றது. நான் பின்னால் உட்கார்ந்து எல்லோரையும் வைதுகொண்டே போனேன். முடங்கியாறு ரோட்டில் திரும்பியதும் சாரல் முகத்தில் அடித்தது. அவரில்லாமல் இந்த ரோட்டில் ஒருநாளும் திரும்பி வரமாட்டேன் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டேன்.

ஸ்கூட்டரை பால்ச்சாமி அண்ணன் தோப்பு வாசலிலேயே நிறுத்திவிட்டு நடந்தோம். சத்தம் கேட்கக் கூடாது. தோப்புக்குள் மூட்டம் மரத்துக்கு மரம் தொங்கியது. மோட்டார் ரூம் தெரிந்தது. அதற்கு முன்னால் பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். மலைக்கு முதுகு. முன்னால் பழக் குவியல். ஒவ்வொன்றாக எடுத்து, மூக்கில் வைத்துப் பார்த்து, இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்றாக வைத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் பஞ்சவர்ண மரத்தடியில் மூட்டம் கொஞ்சம் அடர்த்தியாக இருந்தது. அந்த அடர்த்தி ஒரு காதை ஆட்டியது.

கத்த வாய் திறந்துவிட்டேன். திறந்த வாய் அப்படியே நின்றது. கத்தினால் அவருக்குக் கேட்காது. எதற்குக் கேட்கக் கூடாதோ அதற்குக் கேட்கும். ஃபரீதா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் அசையாமல் நின்றோம். யானை உதிர்ந்த பழங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தது. துதிக்கையை நீட்டினால் அவர் தலைத்துண்டை எடுத்துவிடலாம், அவ்வளவு பக்கம்.

அவர் நிமிர்ந்தார். என்னைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது. வா வா என்று எழுந்திருக்கப் போனார்.

நான் கையை உயர்த்தி விரல்களை மூடினேன்.

அது பட்டாளத்து சைகை. நில், அசையாதே என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அதற்குச் சோறு போதும் என்று அர்த்தம். காது போய் ஊர் திரும்பிய புதிதில் அவர் விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்த சைகைகளில் ஒன்று. தட்டுக்கு மேலே அவர் கை மூடினால் நான் கரண்டியை நிறுத்துவேன், அவ்வளவுதான் அதற்கு எங்கள் வீட்டில் வேலை.

அவர் பாதி எழுந்த நிலையிலேயே நின்றார். சிரிப்பு முகத்திலேயே இருந்தது. என் கையைப் பார்த்தார். தன் பட்டையைப் பார்த்தார். அது சும்மா இருந்தது. பிறகு என் கண்ணைப் பார்த்தார். என் கண் அவர் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பட்டையைவிட என் முகத்தை அவர் நம்பினார்.

விரலை மெல்ல மடக்கி வரச் சொன்னேன். பழக் குவியலைத் தாண்டி, ஈரத் தரையில் நடக்கிற மாதிரி அடி அடியாக வந்தார். யானை தின்பதை நிறுத்தியது. துதிக்கையைத் தூக்கிக் காற்றை மோந்தது. அவர் நின்றார். துதிக்கை இறங்கியதும் மறுபடி நடந்தார். கை எட்டும் தூரத்துக்கு வந்ததும் இழுத்துக்கொண்டு மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய்விட்டேன்.

யானை அவர் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தது. பெட்டியின் மேல் காலை வைத்தது. வேண்டுமென்று வைக்கவில்லை, வழியில் இருந்ததால் வைத்தது. பெட்டி மண்ணோடு மண்ணாகிவிட்டது. அவர் பிரித்து வைத்த நல்ல பழங்களை எல்லாம் தின்றது. காயை விட்டுவிட்டது. பிறகு வந்த வேலையை முடித்த நிதானத்தோடு ஓடைப் பக்கம் நடந்தது.

அவர் வெளியே வந்து அதன் முதுகைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "போயிட்டு வாங்க" என்றார். காது கேளாதவர்கள் பேசுவது போல உரக்கவே சொன்னார். யானை ஒரு கணம் நின்றது. பிறகு மூட்டத்துக்குள் போய்விட்டது.

நான் அவர் தோளில் ரெண்டு அடி போட்டேன். பிறகு அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் ஈரக் கையால் என் தலையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

ஃபரீதா மோட்டார் ரூமுக்குள் போயிருந்தாள். உள்ளேயிருந்து மெதுவான குரலில் என்னைக் கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். சுவரிலிருந்த திரை உறைந்தபடியே இருந்தது. திரை நிறைய யானை. சின்னச் சின்னப் படங்களாக, வரிசைக்குக் கீழே வரிசையாக. கொம்பன், குட்டி, குட்டியின் தாய், ஓடையில் நிற்பது, வேலியை மோப்பது. ஒவ்வொன்றின் கீழும் நீக்கு, நீக்கு, நீக்கு. ஒன்றைக்கூட யாரும் தொட்டிருக்கவில்லை. திரைக்கு மேலே ஆணியில் காய்ந்த அருகம்புல் மாலை தொங்கியது. நான் கனவில் பார்த்தது பொய்யில்லை. வந்த யானை எல்லாம் உள்ளேதான் நின்றிருக்கிறது. யாராவது தொட்டால்தான் விடு என்று நான் எழுதினேன். யாரும் தொடவில்லை. அது விடவில்லை.

எனக்குப் போன கோபம் திரும்பி வந்தது. அவர் முகத்துக்கு நேரே நின்று, உதட்டசைவு தெரிய ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டேன்.

"இதை ஏன் நீங்க அமுக்கல?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இதுகூடத் தெரியாதா என்கிற பார்வை.

"புள்ளையார எப்படிட்டி நீக்குறது? நம்ம தோப்புக்கு வந்தவிய. அவிய படத்துக்குக் கீழ நீக்குன்னு எழுதி வச்சிருக்க. எனக்குக் கை வரல."

முன்பு ஒருநாள் எல்லோரையும் காணோம் என்று கேட்டாரே, அன்றைக்கு நான்தான் ஏதோ கோபத்தில் நீக்கிவிட்டேன் என்று நினைத்து, எனக்குப் பாவம் வந்துவிடக் கூடாதென்று ஆறாம் மைல் பக்கத்துப் பிள்ளையாருக்கு விளக்கு ஏற்றியிருக்கிறார். அதையும் அப்போதுதான் சொன்னார். பால்ச்சாமி அண்ணன் தோப்பிலும் இதே கதைதானாம். அவர் அந்தத் திரைக்கு ஊதுபத்தியே காட்டுகிறாராம்.

ஃபரீதா சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துச் சிரித்து அவளுக்கும் கண்ணில் தண்ணீர். "மேசையில ஒக்காந்து நாம ரெண்டு பேரும் எம்புட்டுப் பேரைத் தள்ளியிருப்போம். அதான் நமக்கு லீக் வரல" என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெளியே மண்ணோடு கிடந்த பெட்டி கண்ணிலேயே நின்றது.

அடுத்த வாரம் முழுக்க வேலை செய்தோம். பழைய படங்களை மெமரியில் வைக்காமல் மெஷினில் செருகியிருக்கும் கார்டில் எழுதிவிடும்படி ஃபரீதா மாற்றினாள். யாரும் தொடாவிட்டாலும் இனி இடம் தீராது. மெஷினிடமிருந்து சிறிது நேரம் சேதி இல்லாவிட்டால் பட்டை தானாகவே அதிரும்படியும் வைத்தாள். அதை முதலிலேயே நான் யோசித்திருக்க வேண்டும். அவள் அதைச் சொல்லிக்காட்டவில்லை, அதனால்தான் அவளோடு இன்னும் கூட்டாக இருக்கிறேன். அவரிடம் ஒரு சத்தியம் வாங்கிக்கொண்டேன். பட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் முன்போலத் திரும்பித் திரும்பி மலையைப் பார்க்க வேண்டும். சரி என்றார்.

பொத்தானை மட்டும் நான் மாற்றினேன். நீக்கு என்பதை அழித்துவிட்டுப் 'போயிட்டு வாங்க' என்று எழுதினேன். விருந்தாளியைப் போ என்று சொல்லத்தான் எங்களுக்கு வாய் வராது. போய்வரச் சொல்வதில் ஒரு சங்கடமும் இல்லை. பால்ச்சாமி அண்ணன் அன்றைக்கே தன் திரையிலிருந்த அத்தனை பேருக்கும் ஒவ்வொருவராகக் கும்பிட்டு விடை கொடுத்தார்.

ஒரு விஷயத்தில் ஃபரீதாவுக்கும் எனக்கும் சண்டை. கடைசியாக வந்த படத்தை மட்டும், அவர் தொடும்வரை மெமரியிலேயே வைத்திருக்கும்படி விட்டுவிட்டேன், அதுவும் குறுக்காமல் கொள்ளாமல் முழுப் படமாக. அதையும் கார்டுக்கு அனுப்பு, இது சுத்தமான வேலையில்லை என்று அவள் சொல்கிறாள். சுத்தமில்லைதான். நான் கேட்பதாக இல்லை.

போன வாரம் ஒரு சாயங்காலம். கீழே பால் சுண்டிக்கொண்டிருந்தது. மலை தெரியவில்லை, மூட்டம். படுத்துக் கிடந்த கோடு ஒரு படி மேலே ஏறியது. யானை வந்திருக்கிறது. அவர் பட்டை அதிர்ந்திருக்கும். நான் கையிலிருந்ததை வைத்துவிட்டேன். கோடு ஏறிய இடத்திலேயே நின்றது. ஃபரீதாவும் கீபோர்டைத் தட்டுவதை நிறுத்திவிட்டு என் திரையைப் பார்த்தாள். ஜன்னல் வழியாக ஆவி உள்ளே வந்துகொண்டே இருந்தது. கோடு அப்படியே நின்றது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். நின்றது.

பிறகு இறங்கியது. ஒரு சின்னப் படி.

வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது அவர் சொன்னார், அந்தக் கொம்பன் நெடுநேரம் ஓடையை விட்டு நகரவில்லையாம், இவர் மோட்டார் ரூமுக்குள்ளேயே நின்றிருந்தாராம். அவன் தலை மறைந்ததும் முதல் வேலையாகத் திரையைத் தொட்டாராம்.

"நீ அங்கன பாத்துக்கிட்டு இருப்பேல்ல" என்றார்.

நான் இன்னும் கொஞ்சம் சோறு போட்டேன். அவர் கையை மூடும்வரை போட்டுக்கொண்டே இருந்தேன்.